வாடகை வீட்டில் ஒரு நினைவில்லம்

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

பெண் கொடுப்பதற்கு முன்னும் எடுப்பதற்கு முன்னும் வீடு பார்க்கப் போவது நம் கொங்கு நாட்டு வழக்கம். அப்படிப் போகும் பெரியவர்கள் அங்குள்ளோர் வாயால் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு திரும்புவதில்லை. வாசல் கூட்டியிருக்கிறதா, தண்ணீர்க் குடம் மூடியிருக்கிறதா, வேலையாள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பதையெல்லாம் கண்ணாலேயே அளந்துகொண்டு வருவார்கள். பேச்சை ஒருவர் முன்கூட்டியே அமைத்துக்கொள்ளலாம்; நெடுநாள் வாழ்ந்த வீட்டை ஒரு நாளில் மாற்றியமைப்பது கடினம் என்பது அவர்கள் பட்டறிவு.

தனி மனிதர்க்குப் பொருந்தும் இவ்வளவை நாடுகளும் தம் தலைவர்களுக்குப் பயன்படுத்துகின்றன. தலைவர் ஒருவர் பிறந்த வீட்டையோ, வாழ்ந்த வீட்டையோ அழியாமல் காத்து, பொதுமக்கள் வந்து காணும்படி திறந்து வைக்கின்றனர். அதனையே நினைவில்லம் என்கிறோம். அத்தகைய இல்லம் எதற்கு? அதை எப்படிக் காக்கிறார்கள்? அதைக் காணும் மாணவன் எதை எடுத்துக்கொண்டு வர வேண்டும்? பெருந்தலைவர் காமராசரின் இரண்டு வீடுகளை முன்வைத்து இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிலையும் மண்டபமும் இல்லமும்

திருப்பூரில் வாழும் நமக்குக் கொடிகாத்த குமரனை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1904 இல் சென்னிமலையில் பிறந்து, பிழைப்புக்காகத் திருப்பூருக்கு வந்து, 1932 சனவரி 10 அன்று நடந்த ஊர்வலத்தில் தடியடிபட்டு, மறுநாள் உயிர் நீத்தவர் அவர். புகைவண்டி நிலையத்தருகே அவருக்கு நினைவகம் இருக்கிறது. அதனருகே நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் போகின்றனர்.

மண்டபம் என்பது ஒருவர் மறைந்த பின், அவரை நினைப்பதற்கென்றே எழுப்பப்படுவது. சிலையும் அவ்வாறே. அவற்றின் உயரத்தையும் அழகையும் தீர்மானிப்பவர்கள் பின்னால் வந்தவர்கள். எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் அவற்றைக் கட்டலாம். ஆனால் ஒருவர் வாழ்ந்த வீட்டின் நீள அகலத்தைப் பின்னால் வந்தவர்கள் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கூட்டினால் அது அவர் வீடாக இராது. ஆகவே, சிலை நம் மதிப்பைக் காட்டுகிறது. வீடு அவர் வாழ்க்கையின் அளவைக் காட்டுகிறது. நினைவில்லத்தின் தனிச்சிறப்பு இதுதான். அது ஓர் அளவுகோல்.

கடல் கடந்த இரண்டு வீடுகள்

தலைவர்களின் வீடுகளைக் காக்கும் வழக்கத்திற்கு அமெரிக்க நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. அந்நாட்டின் முதற் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்து 1799 இல் மறைந்த மாளிகையின் பெயர் மவுண்ட் வெர்னான். ஐம்பது ஆண்டுகளில் அது சிதையத் தொடங்கியது. அரசு அதை வாங்க முன்வரவில்லை. அப்போது ஆன் பமீலா கன்னிங்ஹாம் என்னும் பெண்மணி ஒரு மகளிர் சங்கத்தை அமைத்து, நாடெங்கும் பணம் திரட்டி, 1858 இல் இரண்டு லட்சம் டாலருக்கு அதை விலை பேசி முடித்தார். வாக்குரிமைகூட இல்லாத காலத்துப் பெண்கள், தம் நாட்டின் முதல் தலைவருடைய வீட்டை இடிபாட்டிலிருந்து மீட்டனர். இன்றும் அச்சங்கமே அதைப் பேணி வருகிறது.

மூன்றாம் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெபர்சனின் மாண்டிசெல்லோ மாளிகை மற்றொன்று. மனிதர் யாவரும் சமமாகவே படைக்கப்பட்டனர் என்று முழங்கும் விடுதலைச் சாற்றுரையை வரைந்தவர் அவர். ஆனால் தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக உடைமை கொண்டிருந்தவரும் அவரே. 1826 இல் பெருங்கடனோடு மறைந்தார். அவர் வீட்டார் கடனை அடைப்பதற்காக முதலில் அடிமைகளை ஏலத்தில் விற்றனர்; பின்னர் மாளிகையையும் விற்றனர்.

இவ்விரு மாளிகைகளையும் காண வந்தவர்களுக்கு நெடுங்காலம் கூடத்தையும் நூலகத்தையும் மட்டுமே காட்டினார்கள். சமைத்தவர், துவைத்தவர், விறகு சுமந்தவர் வாழ்ந்த குடில்களைப் பற்றிப் பேச்சில்லை. வாஷிங்டன் மறைந்த ஆண்டில் அவருடைய பண்ணைகளில் அடிமைகளாக இருந்தோர் முந்நூற்றுக்கும் மேற்பட்டவர். பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் அவர்களின் பெயர்களைத் தேடித் தொகுத்தனர், குடியிருப்புகளை அகழ்ந்தனர். இன்று அங்கே செல்வோர் அக்கதையையும் கேட்டே திரும்புகின்றனர். வீட்டை உடையவரின் பெருமைக்காகக் காக்கப்பட்ட வீடு, அவர் மறைக்க விரும்பியதையும் சேர்த்தே காத்துவிட்டது! அளவுகோல் ஒருபக்கம் மட்டும் அளப்பதில்லை.

இந்த அளவுகோலை நம் தலைவர் ஒருவரின் வீட்டுக்கு வைத்துப் பார்த்தால் என்ன கிடைக்கும்?

விருதுநகர் வீடு

காமராசர் 1903 சூலை 15 அன்று, அந்நாளில் விருதுபட்டி என வழங்கிய விருதுநகரில், குமாரசாமிக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். அவர் வளர்ந்த வீடு இன்று அரசின் நினைவில்லம். குறுகிய தெருவில் உள்ள சிறிய வீடு. வணிகர் நிறைந்த அவ்வூரில் நடுத்தரத்திற்கும் கீழான குடும்பம் ஒன்று எவ்வாறு வாழ்ந்திருக்கும் என்பதை அவ்வீடே சொல்லும்.

தந்தையார் காமராசரின் சிறு வயதிலேயே மறைந்தார். அவர் படித்த சத்திரிய வித்தியாசாலை, வீட்டுக்கு வீடு நாள்தோறும் ஒரு பிடி அரிசியை ஒதுக்கி வைத்து, அதைத் திரட்டி விற்ற பணத்தில் வளர்ந்த பள்ளி. பிடியரிசிப் பள்ளி என்றே அதைச் சொல்வார்கள். அங்கே ஆறாம் வகுப்போடு காமராசரின் படிப்பு நின்றது. பின்னர் தாய்மாமனின் துணிக்கடையில் வேலைக்குச் சென்றார். துணியை அளந்து கிழித்துக் கொடுத்த அந்தச் சிறுவனைப் போன்றவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! ஆறாம் வகுப்போடும் எட்டாம் வகுப்போடும் பள்ளியை விட்டு, பனியன் கம்பெனியில் கைமடிக்கச் சேர்ந்தவர்களை அறியாத தெரு திருப்பூரில் உண்டா?

காமராசருக்குப் படிப்பைத் திரும்பத் தந்தது சிறைச்சாலை. 1930 இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றதிலிருந்து, பல முறையாக ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அவர் சிறையில் இருந்தார். அங்கேதான் நாளிதழ்களையும் நூல்களையும் ஊன்றிப் படித்தார். அவர் சிறையில் இருக்கும்போதே, 1941 இல் விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெளியே வந்தவர் பதவியை ஏற்று, உடனே விலகினார். முழுமையாகச் செய்ய இயலாத பொறுப்பை வைத்திருப்பது சரியன்று என்பது அவர் கருத்து.

மகன் முதலமைச்சரான பின்னும் சிவகாமி அம்மையார் அந்தச் சிறிய வீட்டிலேயே வாழ்ந்தார். மாதச் செலவுக்கென்று மகன் அனுப்பியது சிறு தொகையே. நகராட்சியார் அவ்வீட்டிற்குத் தனியே தண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுத்ததாகவும், அதை அறிந்த காமராசர் அதனை எடுக்கச் செய்ததாகவும் ஒரு செய்தியைப் பலரும் எழுதியிருக்கின்றனர். இச்செய்தியின் பொருளை மாளிகையில் வாழ்பவர் உணர்வதைவிட, ஆறு வீட்டுக்கு ஒரே குழாய் என்னும் லைன் வீட்டில் குடியிருப்பவர் நன்கு உணர்வார். விடியற்காலையில் குடம் வைத்து வரிசையில் நிற்பவர்க்கு, வரிசையில் நில்லாத ஒருவரைக் கண்டால் மனத்தில் என்ன தோன்றும் என்பது தெரியும். முதலமைச்சரின் தாயும் வரிசையில் நிற்பவரே என்றால், அந்த வரிசைக்கே ஒரு மதிப்பு வந்துவிடுகிறது.

திருமலைப்பிள்ளை சாலை வீடு

இரண்டாவது வீடு சென்னைத் தியாகராய நகரில், திருமலைப்பிள்ளை சாலையில் உள்ளது. இங்கே ஒரு சிறு செய்தியைக் கவனிக்க வேண்டும். இவ்வீடு காமராசருக்குச் சொந்தமானதன்று. அவர் அதில் வாடகைக்குக் குடியிருந்தார்.

1954 ஏப்ரல் 13 அன்று அவர் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார். 1963 அக்டோபர் 2 அன்று, மூத்த தலைவர்கள் பதவி துறந்து கட்சிப்பணிக்குத் திரும்ப வேண்டும் என்னும் தம் திட்டத்திற்குத் தாமே முதலில் கட்டுப்பட்டுப் பதவி விலகினார். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாக மாநிலத்தின் கோப்புகள் எல்லாம் அவர் கையெழுத்துக்குக் காத்திருந்தன. அணைகள் கட்டப்பட்டன, தொழிற்பேட்டைகள் எழுந்தன, நிலங்கள் கை மாறின. அதன் பின் அகில இந்தியக் காங்கிரசுத் தலைவராகி, 1964 இல் லால் பகதூர் சாஸ்திரியும், 1966 இல் இந்திரா காந்தியும் தலைமை அமைச்சராக வருவதற்கு முன்னின்று வழி வகுத்தார். தில்லியில் நாட்டின் தலைவிதியைப் பேசி முடித்துவிட்டுச் சென்னை திரும்பினால் அவர் வந்து இறங்கியது இந்த வாடகை வீட்டில்தான்.

1967 பொதுத் தேர்தலில் விருதுநகர்த் தொகுதியில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். அப்போதும் இதே வீடுதான். 1969 இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றம் சென்றார். அப்போதும் இதே வீடுதான். 1975 அக்டோபர் 2, காந்தியடிகள் பிறந்த நாளன்று, அவர் உயிர் பிரிந்ததும் இங்கேதான். அவர் விட்டுச் சென்றவை சில வேட்டி சட்டைகள், இரண்டு இணைச் செருப்புகள், நூற்றுச் சொச்சம் ரூபாய், சில நூல்கள் என்று சொல்லப்படுகிறது. 1976 இல் அவருக்குப் பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டது. பிறகு தமிழக அரசு அவ்வீட்டைப் பெற்று நினைவில்லமாக்கியது. உயிரோடு இருந்தவரை பிறர் வீட்டில் குடியிருந்தவர்க்கு, மறைந்த பிறகே அவர் பெயரில் ஒரு வீடு வாய்த்தது.

வாடகை வீட்டில் இருப்பவரெல்லாம் உத்தமர் என்று முடிவு கட்டிவிட முடியாது. இதைத் திருப்பூர்க்காரர்களாகிய நாம் நன்கு அறிவோம். இங்கே வாடகை வீட்டில் வாழ்வோர் விரும்பி வாழவில்லை. பத்துக்குப் பத்து அறை ஒன்றில் நால்வர் படுக்கிறோம். ஐந்தாம் தேதி வாடகை, அதற்குமேல் மின்சாரக் கட்டணம், சேர்ந்த நாளில் கொடுத்த முன்பணம் என்று நம் கணக்கு வேறு. ஒன்றரை ஷிப்ட் பார்த்துச் சேர்த்தாலும் சொந்த வீடு கைக்கு எட்டுவதில்லை. நம்மிடம் இருப்பது இல்லாமை. காமராசரிடம் இருந்தது வேண்டாமை. இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றுபோல் இருக்கலாம். உள்ளே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. வாங்கக்கூடிய நிலையில், வாங்கிக் கொடுக்கப் பலர் காத்திருந்த நிலையில், ஒருவர் வாங்காமல் இருந்தார் என்பதற்கு அந்த வீடு சான்றாக நிற்கிறது. நூலில் படித்தால் இது புகழ்ச்சி என்று நினைக்கத் தோன்றும். கல்லும் சுண்ணாம்பும் சொல்லும்போது மறுக்க முடிவதில்லை.

அந்த வீட்டிலிருந்து நம் தெருவுக்கு

வீட்டின் எளிமை மட்டும் ஒருவரைத் தலைவராக்கிவிடாது. அங்கே குடியிருந்தவர் ஊருக்கு என்ன செய்தார் என்பதும் சேர்ந்தால்தான் கணக்கு நிறைவு பெறும்.

நம் மாவட்டத்திலேயே அதற்குச் சான்றுகள் உண்டு. உடுமலைப்பேட்டைக்கு அருகே அமராவதி அணை அவர் ஆட்சிக் காலத்தில்தான் எழுந்தது. பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டம் அவர் காலத்தில் தொடங்கியது. மேற்கே அரபிக்கடலை நோக்கி ஓடிய தண்ணீர், மலையைக் குடைந்து திருப்பப்பட்டு, பல்லடம், உடுமலை வட்டாரத்து வறண்ட காடுகளுக்கு வந்தது. அமராவதி நகர் சைனிக் பள்ளி 1962 இல் தோன்றியது.

எல்லாவற்றிலும் பெரிது கல்வி. 1953 இல் கொண்டு வரப்பட்ட அரைநாள் கல்வித் திட்டத்தை 1954 இல் அவர் கைவிட்டார். 1956 இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. பள்ளி இல்லாத சிற்றூர்களுக்குப் பள்ளி சென்றது. இதில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் பங்கு மிகப் பெரிது. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்ற பெயரில் ஊர் ஊராகக் கூட்டம் கூட்டி, ஊர்மக்களிடமிருந்தே நிலமும் கட்டடமும் மேசை நாற்காலியும் சீருடையும் பெற்றனர். விருதுநகரில் ஒரு சமூகத்தார் பிடியரிசியால் செய்ததை, மாநிலம் முழுவதும் எல்லாச் சமூகத்தார்க்கும் செய்ததாக இதனைக் கருதலாம். சிறுவனாக அவர் உண்டு பயின்ற பாடம் வீண்போகவில்லை.

என் அம்மிச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். ‘சோறு போட்டாங்க, அதுக்குத்தான் போனேன், எழுத்தும் கூடவே வந்துருச்சு’ என்பார். பேருந்துப் பலகையைத் தாமே படித்து ஏறுவதில் இன்றும் அவருக்கு ஒரு பெருமை. அம்மா 1982 இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டக் காலத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்து, குடும்ப நிலையால் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனவர். நான் சத்துணவும் முட்டையும் உண்டு பள்ளியை முடித்து, எங்கள் குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரிப் படியேறியிருக்கிறேன். இப்போது தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2022 முதல் காலை உணவும் கிடைக்கிறது. ஐந்து, எட்டு, பட்டப்படிப்பு என்னும் இம்மூன்று எண்களுக்கிடையில் மூன்று தலைமுறையும் பல ஆட்சிகளும் இருக்கின்றன. இக்கல்லூரியில் பலருடைய வீட்டுக் கணக்கும் ஏறத்தாழ இதுவாகவே இருக்கும். ஆகவே திருமலைப்பிள்ளை சாலை வீட்டை நாம் காண்பது, யாரோ ஒருவருடைய வீட்டைக் காண்பது ஆகாது. நம் வீட்டு அடுப்புக்கும் பலகைக்கும் அதனோடு உறவு உண்டு.

காப்பதில் உள்ள வேதியியல்

இனி, இத்தகைய வீடுகளை எப்படிக் காக்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். வேதியியல் மாணவன் என்ற முறையில் இதைச் சற்று விரித்துச் சொல்ல விழைகிறேன்.

நினைவில்லங்களில் பெரும்பாலும் இருப்பவை துணி, தாள், மரம், நிழற்படம் ஆகியவை. பருத்தித் துணிக்கும் தாளுக்கும் அடிப்படைப் பொருள் ஒன்றே, அது செல்லுலோசு. குளுக்கோசு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலிபோல் கோத்து அமைந்தது அது. சங்கிலி நீளமாக இருக்கும்வரை இழைக்கு வலிமை உண்டு. அமிலமும் ஈரமும் சேர்ந்தால் கண்ணிகள் அறுபடுகின்றன. புற ஊதாக் கதிர் பட்டாலும் அவ்வாறே. அறுபட்ட துணி தொட்டால் கிழியும். தாள் மடித்தால் உடையும்.

பழைய செய்தித்தாள் ஏன் மஞ்சளாகிறது? மரத்தை அரைத்துச் செய்யும் மலிவான தாளில் லிக்னின் என்னும் பொருள் நீக்கப்படாமல் தங்கிவிடுகிறது. அது காற்றிலுள்ள ஆக்சிசனோடும் ஒளியோடும் வினைபுரிந்து பழுப்பாகிறது, அமிலத்தையும் உண்டாக்குகிறது. அதனால் நல்ல ஆவணத்தோடு செய்தித்தாளை ஒட்டி வைத்தால் அந்த ஆவணமும் சேர்ந்து கெடும். அமிலமற்ற தாளில் தனித்தனியே வைப்பதே முறை.

ஒளியைப் பற்றி ஒரு செய்தி. துணியும் தாளும் வைத்திருக்கும் அறையில் 50 லக்சுக்கு மேல் ஒளி கூடாது என்பது அருங்காட்சியகங்களில் பொதுவாகக் கடைப்பிடிக்கும் அளவு. நேர் வெயிலில் ஒளி ஏறத்தாழ ஒரு லட்சம் லக்சு! ஆகவேதான் அங்கே சன்னல்கள் மூடியிருக்கின்றன. படமெடுக்கும் விளக்கு வேண்டாம் என்கிறார்கள். ஒளியால் ஏற்பட்ட கேட்டைத் திரும்பச் சரிசெய்ய இயலாது. அது நாள்தோறும் சேமிப்புக் கணக்குப்போல் கூடிக்கொண்டே போகும்.

இங்கே நம் ஊருக்கும் அருங்காட்சியகத்துக்கும் எதிர்பாராத ஓர் உறவு இருக்கிறது. ஏற்றுமதிக்குச் செல்லும் பனியன் துணியின் சாயம் வெளிச்சத்தில் எவ்வளவு தாங்கும் என்று சோதிப்பதை நம்மில் பலர் அறிவர். அச்சோதனையில் நீலக் கம்பளித் துண்டுகள் எட்டினைத் துணியோடு சேர்த்து வெளிச்சத்தில் வைப்பார்கள். முதலாவது விரைவில் வெளுக்கும். எட்டாவது நெடுநாள் தாங்கும். நம் துணி எத்தனையாவது துண்டோடு ஒத்து வெளுக்கிறதோ அதுவே அதன் மதிப்பெண். அதே நீலக் கம்பளித் துண்டுகளை அருங்காட்சியகத்தாரும் கண்ணாடிப் பேழைக்குள் வைத்து, உள்ளே எவ்வளவு ஒளி விழுந்திருக்கிறது என்று கணிக்கிறார்கள். நம் சாயப்பட்டறைச் சோதனைச் சாலையில் வேலை செய்பவர் நாளை ஒரு நினைவில்லத்தைக் காக்கும் பணிக்கும் தகுதியானவரே.

ஈரப்பதமும் ஒரு பகை. அது மிகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும். மிகக் குறைந்தால் மரம் வெடிக்கும். ஏறத்தாழ ஐம்பது விழுக்காட்டில், ஏற்ற இறக்கமின்றி இருப்பது நல்லது. கரையானும் இராமபாணப் பூச்சியும் நம் வெப்ப நாட்டின் பழைய எதிரிகள். தரையிலிருந்து உயர்த்தி வைத்தல், சுவரை ஒட்டாமல் வைத்தல், அடிக்கடி எடுத்துப் பார்த்தல் ஆகியவையே பெரும்பாலான மருந்துகளைவிடச் சிறந்த காப்பு. ஒரு நினைவில்லத்தைத் திறந்து வைக்க ஒரு நாள் போதும். அதைக் காப்பதற்கு ஒவ்வொரு நாளும் ஒருவர் வேண்டும்.

காணும் முறை

தமிழகத்தில் இத்தகைய நினைவகங்களை அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறை பராமரிக்கிறது. ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் 1878 இல் இராசாசி பிறந்த வீடும் அவற்றுள் ஒன்று. சிற்றூர் வீடு ஒன்றில் பிறந்தவர் 1948 இல் இந்தியாவின் தலைமை ஆளுநராக உயர்ந்தார். ஈரோட்டில், நமக்கு மிக அருகில், பெரியாரின் வீடும் நினைவகமாக இருக்கிறது. பெரியாரோடு பணியாற்றிய நாள்களில் அறிஞர் அண்ணாவும் அங்கே தங்கியிருந்தார்.

இராசாசி கொண்டு வந்த கல்வித் திட்டத்தைப் பெரியார் கடுமையாக எதிர்த்தார்; காமராசர் அதைக் கைவிட்டார். காமராசரின் கட்சியை 1967 இல் தோற்கடித்து அண்ணா முதலமைச்சரானார். வாழ்நாளில் ஒருவரோடொருவர் மோதிய இவர்கள் அனைவரின் வீடுகளையும் ஒரே அரசுத் துறை கூரை வேய்ந்து, சுண்ணாம்பு அடித்துக் காத்து வருகிறது. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்வது நினைவில்லத்தின் வேலையன்று. சான்றைக் கெடாமல் வைத்திருப்பது அதன் வேலை. தீர்ப்பு நம்முடையது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நம் நினைவில்லங்களில் பலவற்றில் சுவர் முழுதும் நிழற்படங்களே நிறைந்திருக்கின்றன. தலைவர் மாலை சூடுகிறார், கைகுலுக்குகிறார், கொடி ஏற்றுகிறார். இவை வேண்டியவைதாம். ஆயினும் மதிய உணவுத் திட்டத்திற்குப் பணம் இல்லை என்று கோப்பில் யார் எழுதினார்கள், அதற்கு எவ்வாறு விடை கண்டார்கள், எந்த ஊர் முதலில் நிலம் கொடுத்தது என்பனவும் அச்சுவர்களில் இடம்பெற்றால், காண வரும் மாணவன் வணங்கிவிட்டுப் போவதோடு நில்லாமல் கற்றுக்கொண்டும் போவான். மவுண்ட் வெர்னானில் பணியாளர் குடில்களின் கதையைச் சேர்த்ததால் வாஷிங்டனின் வரலாறு சுருங்கிவிடவில்லை; நிறைவு பெற்றது.

எனவே, நினைவில்லம் ஒன்றுக்குச் செல்லும் நண்பர்கள் மூன்று வினாக்களை உடன் கொண்டு செல்வது நலம். இவ்வீட்டில் வாழ்ந்தவர் எதை வேண்டாம் என்று ஒதுக்கினார்? இவ்வீட்டின் அன்றாட வேலைகளை யார் செய்தார்கள்? இங்கே எடுக்கப்பட்ட முடிவுகளில் எது என் வீட்டு வாசல்வரை வந்து சேர்ந்தது? இம்மூன்றுக்கும் விடை தேடினால் இரண்டு மணி நேரப் பயணம் ஒரு பருவப் பாடத்திற்கு ஈடாகும்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். கல்விச் சுற்றுலா என்றால் மலைவாழிடங்களுக்குச் செல்வது வழக்கமாகிவிட்டது. ஒருமுறை ஈரோட்டுக்கும் விருதுநகருக்கும் செல்லலாமே! செல்வதற்கு முன், ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு முதியவரிடம் அமர்ந்து, அவர் எந்தப் பள்ளியில், எத்தனையாம் வகுப்பு வரை படித்தார், அங்கே என்ன உணவு போட்டார்கள், ஏன் நின்றார் என்று கேட்டு ஒரு பக்கம் எழுதிவரச் செய்யலாம். நூறு மாணவர் எழுதினால் நூறு பக்கம். அதனை அமிலமற்ற தாளில் படியெடுத்து, வெயில் படாத இடத்தில், நம் கல்லூரி நூலகத்தில் வைக்கலாம். அதற்கு அரசாணை தேவையில்லை. பெரும் பொருட்செலவும் இல்லை.

தலைவர்களின் வீடுகளை அரசு காக்கிறது. அவர்களால் எழுத்தறிவு பெற்ற லைன் வீடுகளின் கதையைக் காக்க வேண்டியவர்கள் அங்கிருந்து வந்து இங்கே படிக்கும் நாம்தாம். என் அம்மிச்சியின் பக்கத்தை நான் எழுதத் தொடங்கிவிட்டேன்.